வகையும் வழுவும்

மட்டக்களப்பு வாவி நிலத்தை இரு கரைகளாகப் பிரிக்கின்றது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. படுவான்கரையிலே வவுணதீவைச் சூழ்ந்த ஊர்களுள் மூன்றனை நிரைப்படுத்தி எழுதுவதாகக் கொள்க: நாவற்காடு, ஈச்சந்தீவு, கன்னங்குடா. பெயர்கள் மூன்று, இடையே காற்புள்ளிகள் இரண்டு. இப்பட்டியலைப் பாமினி எழுத்துருவில் தட்டெழுதி, ஒரு செய்நிரலின் வாயிலாக வலைப்பக்கமாக்கினால், நாவற்காடும் கன்னங்குடாவும் நிற்க, இடையிலுள்ள ஈச்சந்தீவு மட்டும் சுவடின்றி மறைந்துபோதல் கூடும். மறைவது அரைகுறையாகவும் அன்று. அப்பெயரோடு அதன் பின்னுள்ள காற்புள்ளியும் சேர்ந்து மறைவதால், எஞ்சிய இரு பெயர்களும் ஒரு காற்புள்ளியுடன் ஒழுங்காகவே காட்சிதரும். அவ்வூரை அறியாத ஒருவர் அங்கே ஓர் ஊர் இருந்தது என்று ஐயுறுவதற்கும் இடமில்லை.

இதன் காரணம் எளியது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களைக் கையாளும்போது கணனியின் உள்ளே தமிழ் எழுத்து என ஒன்று இருப்பதில்லை. உரோம எழுத்துக்களும் நிறுத்தற்குறிகளுமே அங்குள்ளன. அவை திரையில் தோன்றும்போது தமிழ் வடிவம் புனைந்துகொள்ளுகின்றன. விசைகளின் தொகை குறைவு, தமிழ் வரிவடிவங்களின் தொகை மிகுதி. ஆதலின் நிறுத்தற்குறிகளின் இருப்பிடங்களையும் எழுத்துக்கள் கவர்ந்துகொண்டன. அவ்வகையில் 'ஈ' என்னும் உயிரெழுத்துக்கு வாய்த்த இடம், கணிதத்தில் 'சிறிது' என்பதைக் குறிக்கும் கோணக்குறியினுடையது. 'பெரிது' என்பதைக் குறிக்கும் மறுகோணக்குறியின் இடத்திலே காற்புள்ளி அமர்ந்தது. மறுபுறத்தில், ஜெனீவாவிலுள்ள ஆய்வுகூடமொன்றிலே ரிம் பேர்ணேர்ஸ்-லீ உருவாக்கி 1991இல் உலகறியச் செய்த எச்.ரி.எம்.எல். என்னும் பக்கக்குறி மொழி, இதே இரு கோணக்குறிகளைத்தான் தன் குறிச்சொற்களின் வேலியாகக் கொண்டது. முதற் கோணக்குறியையும் அதனையடுத்து ஓர் உரோம எழுத்தையும் கண்டவுடன், 'இது வாசகர்க்குரிய உரை அன்று, எனக்குரிய கட்டளை' என்று உலாவி கருதும். மறுகோணக்குறி வருமளவும் உள்ள அனைத்தையும் விழுங்கிவிடும். ஆகவே ஈகாரத்திற் தொடங்கி அடுத்த காற்புள்ளியில் முடியும் எதுவும் அதன் வாய்க்கு இரையாகும். ஈச்சந்தீவு மட்டுமன்று, ஈழம் என்ற சொல்லும் அவ்வாறே.

வந்தாறுமூலையிலே 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்திலே கணனியியல் பயிலும் மாணவி ஒருவர், படுவான்கரைக் கூத்துக்களைப் பற்றிய ஒரு வலைத்தளத்தை ஆக்க முற்படுகின்றார் என வைத்துக்கொள்ளலாம். எந்த ஊரிலே எக்கூத்து ஆடப்பெற்றது, அண்ணாவியார் யார், ஆட்டக்காரர் யாவர் என்ற செய்திகள் பழைய பாமினிக் கோப்புகளில் உள்ளன. செய்நிரல் அவற்றை எடுத்துப் பக்கங்களாக்குகின்றது. முதியவரான அண்ணாவியார் ஒருவர் திரையை உற்றுநோக்கி, "நம்மட ஊர் எங்க, மகள்?" என்று கேட்கின்றார். கோப்பில் ஊர் இருக்கின்றது, பக்கத்தில் இல்லை. செய்நிரல் ஒரு முறைப்பாடும் செய்யவில்லை. உலாவியும் எச்சரிக்கவில்லை. அண்ணாவியார் கேட்டிராவிடின் யாருக்கும் தெரிந்திராது. எச்.ரி.எம்.எல். ஆக்கத்தில் வகைப்பாதுகாப்பு என்று கணனியியலார் பேசுவதன் பொருள் முழுவதும் இக்கேள்வியில் அடங்கியிருக்கின்றது.

பிழை எங்கே உள்ளது? தட்டெழுதியவர் மீது அன்று; உலாவி மீதும் அன்று. இருவேறு பொருள்கள் ஒரே ஆடையில் உலவியமையே பிழை. ஊர்ப்பெயர் என்பது உரை. குறிச்சொல் என்பது பக்கத்தின் கட்டமைப்பு. ஆனால் செய்நிரலின் கண்ணுக்கு இரண்டும் வெறும் எழுத்துச்சரங்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்படும் எழுத்துக்களின் தொடர்கள். தமிழிலக்கணம் இத்தகைய மயக்கத்தை நன்கறிந்தது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவினை ஏழாகப் பகுத்துக் கூறுவது மரபு. உயர்திணைப் பெயர் அஃறிணை வினையைக் கொள்ளுமாயின் அது திணைவழு. அத்தொடரிலே எழுத்துப்பிழை எதுவுமில்லை; ஒவ்வொரு சொல்லும் தன்னளவிற் செம்மையானதே. சேர்க்கையே தவறு. கணனி மொழிகளில் வகைப்பிழை என்று கூறப்படுவதும் இதுவே: தனித்தனியே குற்றமற்றவை தம்முள் சேரத்தகாத இடத்திற் சேர்தல்.

இலக்கணத்தார் வழாநிலை, வழு என்ற இரண்டோடு நில்லாது வழுவமைதி என்ற மூன்றாவதையும் வைத்தனர். காரணம் பற்றி வழுவை ஏற்று அமைத்துக்கொள்ளுதல் அது. இணையத்தின் வரலாற்றையே இம்மூன்று சொற்களாலும் கூறிவிடலாம். தொடக்ககால உலாவிகள் வழுவமைதியிலே வளர்ந்தன; எவ்வளவு குலைந்த பக்கத்தையும் எவ்வாறாயினும் காட்டிவிடுதலே அவற்றின் பண்பு. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த எக்ஸ்.எச்.ரி.எம்.எல். என்ற நியமம் வழாநிலையொன்றையே ஏற்பது என்று துணிந்தது; அந்நெறியின்படி ஒரு குறி பிறழ்ந்தாலும் பக்கம் முழுவதும் மறுக்கப்படும். உலகம் அக்கடுமையை ஏற்கவில்லை. அதன் இரண்டாம் பதிப்புக்கான முயற்சி 2009இல் கைவிடப்பட்டது. 2014இல் நிறைவெய்திய எச்.ரி.எம்.எல். 5 என்னும் நியமமோ, ஒவ்வொரு வழுவையும் உலாவி எவ்வாறு அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதை விரிவாக விதித்தது. உலாவிகள் அனைத்தும் ஒரேவிதமாகப் பிழை பொறுக்கும் நிலை அதனால் வந்தது. படிப்பவர்க்கு இது நன்மை. பக்கம் ஆக்குபவர்க்கோ, தம் பிழையைத் தாம் அறியும் வாய்ப்பு ஒன்று குறைந்தது.

மறைதல் ஒன்றே தீங்கு எனக் கருதலாகாது. வாசகரிடமிருந்து வரும் உரை கட்டளையாக மாறுமிடத்து நேர்வது இன்னும் பெரிது. 2005 ஒக்ரோபரில் அமெரிக்க இளைஞர் சமி கம்கார், மைஸ்பேஸ் என்ற தளத்திலே தம் அறிமுகப் பக்கத்தில் எழுதிய சில வரிகளுள் கட்டளைகளை மறைத்து வைத்தார். அப்பக்கத்தைப் பார்த்தவர்களின் பக்கங்களிலும் அவ்வரிகள் தாமே படிந்து பரவின. ஒரு நாளுக்குள் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் அதற்கு ஆட்பட்டனர். அவர் நோக்கம் விளையாட்டாகவே இருந்தது. அதே வழியாகக் கடவுச்சொல்லைத் திருடுதல் வேறொருவருக்கு அரிதன்று. ஈச்சந்தீவு மறைந்த வாயிலும் இவ்வாயிலும் ஒன்றே. ஒன்றில் உரை தன்னையறியாமற் கட்டளையாயிற்று. மற்றதில் கட்டளை உரைபோல் வேடம் புனைந்து நுழைந்தது.

இதற்குப் பழைய பரிகாரம் ஒன்றுண்டு. உரையில் வரும் ஒவ்வொரு கோணக்குறியையும், தீங்கற்ற மாற்றெழுத்துத் தொடர் ஒன்றாக மாற்றிவிடுதல். உலாவி அத்தொடரைக் காணும்போது கோணக்குறியை வரைந்து காட்டும், கட்டளையாகக் கொள்ளாது. முறை செம்மையானதே. ஆயினும் அது செய்நிரலாளரின் ஞாபகத்தை நம்பியிருக்கின்றது. நூறு இடங்களில் மாற்றி, நூற்றோராவது இடத்தில் மறந்தால் வாயில் திறந்தேயிருக்கும். மறதிக்கு அஞ்சி எல்லா இடத்தும் மாற்றினால் வேறு விபரீதம் விளையும்: ஏற்கெனவே மாற்றப்பட்ட உரை மீண்டும் மாற்றப்பட்டு, அம்மாற்றெழுத்துக்களே பக்கத்தில் பல்லிளித்து நிற்கும். ஓர் எழுத்துச்சரத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, 'இது மாற்றப்பட்டதா, மாற்றப்படாததா' என்று சொல்ல எவராலும் இயலாது. இரண்டும் ஒரே ஆடையில் அல்லவா இருக்கின்றன!

ஆகவே ஆடையை வேறாக்குதலே வழி. செய்நிரலிலே 'உரை' என்று ஒரு வகையும் 'பக்கவுறுப்பு' என்று வேறொரு வகையும் அமைக்கப்படும். பந்தி, தலைப்பு, பட்டியல், அட்டவணை யாவும் பக்கவுறுப்புக்கள். பக்கத்தை ஆக்கும் இடைமுகம் பக்கவுறுப்புக்களை மாத்திரமே ஏற்கும். உரை பக்கவுறுப்பாக மாறுவதற்கு ஒரேயொரு செயற்கூறு உண்டு. கோணக்குறிகளை மாற்றும் பணி அதனுள்ளே ஒரு முறை எழுதப்பட்டிருக்கும். வேறு வழியில்லை என்பதே இவ்வமைப்பின் உயிர். மறந்துபோய் உரையை நேரே பக்கத்தில் இட முயன்றால், செய்நிரலை இயந்திரமொழிக்குப் பெயர்க்கும் தொகுப்பி அதனை ஏற்க மறுக்கும். ஏற்கெனவே உறுப்பானதை மீண்டும் மாற்ற முயன்றாலும் மறுக்கும். பக்கம் வெளிவருமுன், அண்ணாவியார் திரையைப் பார்க்குமுன், மாணவியின் மேசையிலேயே பிழை பிடிபடும்.

'வகை' என்ற சொல்லைப் பற்றி இடையே ஒரு குறிப்பு. வாவிக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், சென்னையில் 1936இல் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமைதாங்கி அறிவியற் கலைச்சொற்களுக்கு வழிசெய்தார். அக்காலத்திலே கணனியியல் என்ற துறை இல்லை. இருந்திருப்பின் 'திணை' என்ற சொல்லே இதற்கு எடுத்தாளப்பட்டிருக்கலாம் என எண்ணத் தோன்றுகின்றது. சேரத்தகுவது எது, தகாதது எது என்ற உணர்வு அச்சொல்லோடு கூடவே வருகின்றது. ஆயினும் 'வகை' வழக்கில் நிலைத்துவிட்டது, அது போதும்.

இவ்வெண்ணங்கள் ஒரு நாளில் தோன்றியவை அல்ல. எடின்பரோவில் எம்.எல். என்ற மொழியை ஆக்கிய ரொபின் மில்னர், ஒரே செயற்கூறு பல வகைகளுக்கும் பொதுவாக நின்றும் பிழையற்றிருத்தல் கூடும் என்பதை 1978இல் கோட்பாடாக நிறுவினார். யாவா மொழிக்கு இப்பொதுமை வகைகள் 2004இலேதான் வந்தன. ஜெர்மனியரான பீற்றர் தீமன், எச்.ரி.எம்.எல். விதிகளையே ஹஸ்கெல் மொழியின் வகைகளாக எழுதிக்காட்டிய கட்டுரை 2002இல் வெளியாயிற்று. 2012இல் எவான் சப்லிக்கி அமைத்த எல்ம் என்ற மொழியில் பக்கவுறுப்பு என்ற வகையே ஒரு வெற்றிடத்தோடு பிறக்கின்றது. அவ்வுறுப்பிலுள்ள பொத்தானை அழுத்தினால் எவ்வகைச் செய்தி எழும் என்பது அவ்வெற்றிடத்தில் நிரப்பப்படும். பாட்டை ஒலிக்கச்செய்யும் பொத்தானும் ஊரைத் தெரிவுசெய்யும் பொத்தானும் வெவ்வேறு செய்தி தருவன ஆதலின், இரண்டையும் ஒரு பக்கத்தில் இடுமுன் அவற்றை ஒரு பொதுச்செய்தியாக்குவது எவ்வாறு என்பதை எழுதியே ஆகவேண்டும்.

'பொதுமை' என்பதைச் சற்று விளக்குதல் தகும். சாத்தன் என்பது விரவுப்பெயர். மனிதனுக்கும் ஆகும், எருதுக்கும் ஆகும். 'சாத்தன் வந்தான்' என்றவிடத்து உயர்திணை. 'சாத்தன் வந்தது' என்றவிடத்து அஃறிணை. பெயர் திணையைத் திறந்து வைத்திருக்கின்றது. வினை அதனை முடிவுசெய்கின்றது. முடிவான பின்னர் அத்தொடரில் அது மாறுவதற்கில்லை. பொதுமை வகையும் இத்தகையதே. மட்டக்களப்பிலே வாவியைக் கடக்க உதவும் மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ஓடிய பாதை, முருகனை வழிபடச் சென்ற அடியவரையும் ஏற்றியது. துவிச்சக்கரவண்டியையும் நெல்மூட்டையையும் ஏற்றியது. ஏறுவது யாது என்று பாதை ஆராய்வதில்லை. ஆயின் எழுவான்கரையில் மூட்டையாக ஏறியது படுவான்கரையில் மூட்டையாகவே இறங்கும். பொருளைப் பற்றி எதுவும் அறியாதிருத்தலே அது பொருளைக் கெடுக்காது என்பதற்குப் பிணை. பொதுமைச் செயற்கூற்றின் நம்பகமும் இத்தகையதே. தான் கையாளும் வகையைப் பற்றி அறியாத கூறு அவ்வகைப் பொருளைத் தானே புனையவும் மாட்டாது. வேறொன்றாகத் திரிக்கவும் மாட்டாது.

மாணவியின் தளத்தில் இது பயன்படுமாறு காண்க. ஊர்களின் பட்டியல், ஆட்டக்காரர் பட்டியல், தருக்களின் பட்டியல் என மூன்று வேண்டும். மூன்றுக்கும் மூன்று செயற்கூறுகள் எழுதினால் ஒன்றில் திருத்திய பிழை மற்றவற்றில் எஞ்சிநிற்கும். மாறாக 'நிரைப்படுத்து' என ஒரே பொதுமைக் கூறு அமையலாம். யாதேனும் ஒரு வகைப் பொருள்களின் வரிசையையும், அப்பொருள் ஒன்றனைப் பட்டியலுருப்படியாக மாற்றும் முறையையும் அது பெற்றுக்கொண்டு, பட்டியலைத் திருப்பித் தரும். பட்டியலின் நேர்ப்பிள்ளைகள் பட்டியலுருப்படிகளாகவே இருத்தல் வேண்டும் என்பது எச்.ரி.எம்.எல். விதி. பந்தியொன்றை அங்கே நுழைக்க இக்கூறு இடங்கொடாது. ஊர்களின் வரிசையோடு ஆட்டக்காரரை உருப்படியாக்கும் முறையைக் கொடுத்தாலும் தொகுப்பி ஏற்காது, அது திணைவழுவாகும்.

கூத்துக் கொப்பியைப் பக்கமாக்கும்போது இதன் அருமை மேலும் புலப்படும். அண்ணாவிமார் பேணிவந்த கொப்பிகள் தமக்கெனக் கட்டமைப்புடையவை. காப்பு முதலில் வரும். ஒவ்வொரு பாத்திரமும் களரிக்கு வருமுன் வரவுக்குரிய விருத்தமும் தருவும் உண்டு. பின்னரே வசனமும் தர்க்கமும். தரு தாளத்தோடு ஆடிப் பாடப்படுவது. விருத்தம் தாளக்கட்டின்றி இசைக்கப்படுவது. எழுத்தில் இரண்டும் பாட்டு வரிகளே. களரியில் அவை வேறு வேறு. ஒன்றன் இடத்தில் மற்றொன்று அச்சானால் ஆட்டம் தெரிந்தவர் நகைப்பர். தெரியாத தலைமுறை அதனையே மெய்யென்று கொள்ளும். விருத்தம், தரு, வசனம் என்பவற்றைத் தனித்தனி வகைகளாக வைத்து, வரவு என்பது இவ்விவற்றால் ஆனது என்று இடைமுகத்திலேயே எழுதிவிட்டால், தரு இல்லாத வரவு செய்நிரலில் உருவாகவே மாட்டாது. உலாவியின் வழுவமைதியை மட்டும் நம்பியிருப்பின் நிகழ்வது வேறு: அட்டவணையிலே கலத்துக்கு வெளியே தவறி விழுந்த வரியை உலாவி அட்டவணைக்கு மேலே தூக்கி வைத்துவிடும். அது நியமத்தில் விதித்த செயலே. பாத்திரத்தின் நடுப்பேச்சு வரவுக்கு முன்னே சென்று நிற்கும்.

இத்துணைக் கூறியதனால் எல்லா விதியையும் வகையாக்குக என்பது கருத்தன்று. அவ்வாறு முயன்றோர் உளர். ஓகமிள் மொழிக்குரிய ரைஎக்ஸ்எம்எல் என்ற தொகுதி, எந்த உறுப்பினுள் எவ்வுறுப்பு வரலாம் என்பதைப் பெரும்பாலும் வகைகளிலேயே பொறித்துள்ளது. வேலை வியத்தற்குரியது. ஆனால் ஓரிடத்தில் பிழைத்தால் தொகுப்பி தரும் செய்தி, அனுமதிக்கப்பட்ட உறுப்புக்களின் பெயர்களையெல்லாம் அடுக்கி நீண்டு, புதிய மாணவரை மருட்டும். மேலும் நியமம் நிலைத்து நிற்பதன்று. அது தொடர்ந்து திருத்தப்பட்டு வருகின்றது. இணைப்பு போன்ற சில உறுப்புக்கள் தம் பெற்றோருக்கு உரியதையே தாமும் உள்ளே கொள்ளும் இயல்பினவாதலின் அவற்றை வகைக்குள் அடக்குதல் கடினம். இணைப்பினுள் இணைப்பு, எத்துணை ஆழத்திலும், வரலாகாது என்ற விலக்கும் அத்தகையதே. உரையையும் உறுப்பையும் வேறாக்குதலில் எவ்வித விட்டுக்கொடுப்பும் கூடாது, அது அடிப்படை. பட்டியல், அட்டவணை என்பவற்றின் நேர்ப்பிள்ளைகளை வகையாற் காத்தல் செலவுக்கு மிஞ்சிய பயன் தரும். தன் துறைக்கே உரிய கட்டமைப்பை, கூத்துக்கு வரவு போல்வதை, வகையாக்குதல் இன்னும் பயனுடைத்து. உலாவியோ நியமமோ அதனை ஒருகாலும் காக்கப்போவதில்லை. ஏனைய நுணுக்கங்களைச் சோதனைகளுக்கு விட்டுவிடலாம். இடைமுகம் பாதுகாப்பானதாயிருந்தும் கையாளுவோர் வெறுத்து ஒதுக்குவாராயின், அவர்கள் மீண்டும் எழுத்துச்சரங்களை ஒட்டத் தொடங்குவர். பாதுகாப்பு அத்தோடு போயிற்று.

ஒருங்குறி வந்துவிட்டதே, இனிப் பாமினிச் சிக்கல் ஏது என வினவலாம். ஒருங்குறியில் ஈகாரத்துக்குத் தனியிடம் உண்டு என்பது உண்மை. 1991இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனால் பழைய கோப்புகள் கிடக்கின்றன. அவற்றை மாற்றும் செய்நிரல்களும் பல உள்ளன. பாமினியில் காற்புள்ளி விசைக்கு உரியது 'இ' என்னும் எழுத்து. ஏற்கெனவே ஒருங்குறியில் உள்ள பட்டியலை அறியாது மீண்டும் மாற்றியிற் செலுத்தினால், தமிழெழுத்துக்கள் தீண்டப்படாது நிற்கக் காற்புள்ளிகள் யாவும் இகரங்களாகும்: நாவற்காடுஇ ஈச்சந்தீவுஇ கன்னங்குடா. இத்தகைய இகரங்கள் ஒட்டிய செய்திகளை ஈழத்து இணையத்தளங்களிற் கண்டிராதார் குறைவு. மாணவியின் செய்நிரலிலே ஆகவே மூன்றாவது வேறுபாடும் தேவையாகின்றது. 'பாமினியுரை' ஒரு வகை. 'ஒருங்குறியுரை' மற்றொரு வகை. மாற்றி முதலாவதைப் பெற்று இரண்டாவதைத் தரும். இரண்டாவதை அது பெறாது. பக்கவுறுப்பாக்கும் கூறு இரண்டாவதை மட்டுமே பெறும். கோப்பினைத் திறக்கும் இடத்திலே, அது எவ்வகைக் கோப்பு என்பதை மாணவி ஒரு முறை தம் கண்ணாற் பார்த்து எழுதவேண்டும். அவ்வொன்றை மாத்திரம் எந்தத் தொகுப்பியும் அவருக்காகச் செய்துதர மாட்டாது.